சபையா, ஜெபமா? பழவேற்காட்டிலிருந்து தாம்பரம் வரை ஒரு பழைய கேள்வி

(பாட்காஸ்ட் எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த எபிசோட்ல ஒரே ஒரு கேள்விதான். எது சரி, எது தப்புன்னு ஒரு கிறிஸ்தவருக்குச் சொல்ற அதிகாரம் யார்கிட்ட இருக்கு? சபைகிட்டயா? இல்ல, தனியா முழங்கால் போட்டு ஜெபிக்கும்போது மனசுக்குள்ள கிடைக்கிற தெளிவுகிட்டயா?

கேட்கிறவங்கள்ல பாதிப் பேர் கிறிஸ்தவர்கள் இல்லைன்னு எனக்குத் தெரியும். ஆனா சபைங்கிற இடத்துல கட்சி, சங்கம், குடும்பம், சாதிப் பெரியவர்கள்னு எதை வேணும்னாலும் வைத்துப் பாருங்க. ஜெபங்கிற இடத்துல மனசாட்சின்னு வைத்துப் பாருங்க. கேள்வி மாறாது. நான் சபை வழியாகச் சொல்றதுக்குக் காரணம், இந்தச் சண்டை நம்ம மண்ணில் நானூறு வருஷமா நடந்திருக்கு, அதுக்குப் பெயர்களும் வருடங்களும் இருக்கு.

ஏன் இந்தப் பக்கம் இது வெறும் தத்துவம் இல்லை

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனவங்களுக்குத் தெரியும். உருக்காலைகள், ரோலிங் மில்கள், சின்னதும் பெரியதுமா யூனிட்கள். ஃபர்னஸுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், சி ஷிஃப்ட்டுன்னு சுழலும்போது, வாராந்திர லீவு ஞாயிற்றுக்கிழமையிலதான் விழும்னு ஒண்ணும் இல்லை. மாசத்துல ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் போக முடிஞ்சா பெரிய விஷயம்னு சொல்றவங்க நிறைய.

அதே லைன் வீடுகள்ல ஜார்க்கண்ட், ஒடிசா பக்கத்துப் பையன்கள் இருக்காங்க. அந்த மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகளில் லுத்தரன், கத்தோலிக்கச் சபைகள் நூறு வருஷத்துக்கும் மேலாக வேரூன்றியவை. அங்கிருந்து வந்த ஒருத்தருக்கு இங்க தமிழ்ல நடக்கிற பிரசங்கம் புரியாது. அவருக்கு மிச்சம் இருக்கிற சபை, செல்போன்ல வீட்டிலிருந்து வர்ற பாட்டும், ராத்திரி அவர் தனியா பண்ற ஜெபமும்தான்.

திருவள்ளூர் பக்கம் வந்தா நிலைமை தலைகீழ். ஒரே தெருவுல கத்தோலிக்கக் கோயில் ஒண்ணு, சி.எஸ்.ஐ. ஒண்ணு, மாடியில ஷீட் போட்ட ஜெபவீடு ரெண்டு. ஒரு இடத்துல நகை போடக் கூடாது. இன்னொரு இடத்துல போடலாம். ஒரு இடத்துல மருந்து சாப்பிடறதே விசுவாசக் குறைவுன்னு மறைமுகமா பேசுவாங்க. பக்கத்து இடத்துலயே மெடிக்கல் கேம்ப் நடக்கும். இத்தனை சபை இருக்கும்போது, எந்தச் சபை சொல்றதைக் கேட்கணும்னு முடிவு பண்றதே தனி மனுஷனோட மனசாட்சிதானே? இதுதான் முதல் சிக்கல்.

சபைகளே என்ன சொல்றாங்க?

பொதுவா நாம நினைக்கிறது இப்படி: கத்தோலிக்கர்னா திருச்சபை சொன்னபடி, புராட்டஸ்டண்ட்னா வேதம் சொன்னபடி, பெந்தெகொஸ்தேன்னா ஆவியானவர் பேசினபடி. உண்மை இதைவிடக் கொஞ்சம் சிக்கலானது.

கத்தோலிக்கத்துல மனசாட்சிக்கு ரொம்ப பழைய மரியாதை இருக்கு. 13-ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்வினாஸ், ஒருவருடைய மனசாட்சி தவறாகவே இருந்தாலும் அதற்கு எதிராகச் செயல்படுவது பாவம் என்று வாதிட்டார். 1965-ல் முடிந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், எவரையும் மனசாட்சிக்கு விரோதமாக நடக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஏட்டிலேயே எழுதி வைத்தது. ஆனா கூடவே ஒரு நிபந்தனையும் உண்டு. மனசாட்சி தானா வளர்ந்த காட்டுச்செடியா இருக்கக் கூடாது. அதை உருவாக்கணும். வேதம், திருச்சபையின் போதனை, அனுபவசாலிகளின் ஆலோசனை, இதெல்லாம் சேர்ந்துதான் உருவாக்கணும். அதாவது கடைசித் தீர்ப்பு உன்னுடையது, ஆனா தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி சட்டம் படிச்சிருக்கணும்.

புராட்டஸ்டண்ட் பக்கம், 1521-ல் வோர்ம்ஸ் நகரத்துல பேரரசர் முன்னாடி நின்னு மார்ட்டின் லூதர் தன் எழுத்துகளை வாபஸ் வாங்க மறுத்தார். வேதத்தாலோ தெளிவான நியாயத்தாலோ தன்னைச் சம்மதிக்க வைக்கும்வரை மனசாட்சிக்கு எதிராக நடக்க முடியாது என்பது அவருடைய நிலைப்பாடு. இதை எல்லாரும் சொல்வாங்க. அடுத்த நாலு வருஷத்துல நடந்ததை அவ்வளவா யாரும் சொல்றதில்லை. தாமஸ் முன்ட்சர் என்கிற போதகர், ஆவியானவர் தன்னிடம் நேரடியாகப் பேசுகிறார் என்ற உறுதியோடு குடியானவர்களின் கிளர்ச்சிக்குத் தலைமை ஏற்றார். 1525-ல் அந்தக் கிளர்ச்சி ரத்தத்தில் முடிந்தது, அவருக்கும் மரண தண்டனை. குடியானவர்களின் குறைகள் நியாயமானவை. ஆனா கடவுள் நம்ம பக்கம்னு கிடைச்ச உள்மன உறுதி, படைபலம் இல்லாத ஜனங்களைப் பீரங்கிக்கு முன்னாடி கொண்டு போய் நிறுத்தியது. லூதரோ, குடியானவர்களை அடக்கச் சொல்லி பிரபுக்களுக்கு எழுதினார். மனசாட்சின்னு சொன்ன ரெண்டு பேர், நேர் எதிர் பக்கம்.

பெந்தெகொஸ்தே சபைகள்ல தீர்க்கதரிசனம் சாதாரணம். ஆனா அவங்க மேற்கோள் காட்டுற அதே கொரிந்தியர் நிருபத்தில், தீர்க்கதரிசிகள் பேசட்டும், மற்றவர்கள் அதை நிதானிக்கட்டும் என்ற கருத்து இருக்கு. யோவானுடைய முதல் நிருபத்திலும் எல்லா ஆவியையும் நம்பிவிடாதே, சோதித்துப் பார் என்ற எச்சரிக்கை இருக்கு. நிதானிக்க ரெண்டாவது ஆள் வேணும். ரெண்டாவது ஆள் வந்துட்டா அது சபை ஆயிடுது.

ஆக, எந்த மரபும் சபை மட்டும்னோ ஜெபம் மட்டும்னோ சொல்லலை. அப்போ ரெண்டும் எப்போ, எங்கே தோற்குதுன்னு பார்க்கிறதுதான் பிரயோஜனம். அதுக்கு நம்ம ஊர்லயே சாட்சி இருக்கு.

பழவேற்காடு: ஆலயம் இருந்தது, குரல் இல்லை

பொன்னேரியிலிருந்து பஸ் ஏறினா பழவேற்காடு. இன்னைக்கு ஏரி, படகு, இறால், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். 1610 வாக்கில் டச்சுக்காரர்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். 1613-ல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனியின் தலைமை இடமாகப் பல பத்தாண்டுகள் இருந்தது இந்த ஊர்தான். அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இப்பவும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கு. வாசல்ல ரெண்டு பக்கமும் எலும்புக்கூடு சிற்பம். மரணத்தை நினைத்துக்கொள் என்று உள்ளே வர்றவனுக்குச் சொல்ற பாடம்.

அவ்வளவு பக்தியா கல்லறை கட்டின அதே ஆட்கள், அதே துறைமுகத்திலிருந்து ஆயிரக்கணக்கான மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றி பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பினார்கள். பஞ்சம் வந்த வருஷங்களில் வியாபாரம் கூடியது. பசியில் பெற்றவர்களே பிள்ளைகளை விற்ற காலம். கம்பெனிக்குச் சம்பளம் வாங்கிய போதகர்கள் இருந்தார்கள், ஆராதனை நடந்தது, ஞானஸ்நானப் பதிவேடு இருந்தது. கப்பல்கள் போய்க்கொண்டேதான் இருந்தன.

இதுல சபை கெட்டதுன்னு சொல்லி முடிச்சிடலாம். நான் அப்படிப் பார்க்கலை. கவனிக்க வேண்டியது சம்பளம். போதகருக்குச் சம்பளம் கொடுக்கிற கைதான் அடிமை வியாபாரமும் பண்ணுச்சு. வழிகாட்டற இடம், வழிகாட்டப்பட வேண்டியவங்களை நம்பிப் பிழைக்கும்போது அதுக்குத் தொண்டை அடைச்சுக்கும். இது சபைக்கு மட்டும் உள்ள நோய் இல்லை. கம்பெனியே சம்பளம் கொடுக்கிற உள் ஆடிட்டருக்கும் இதே நோய் வரும்.

யாழ்ப்பாணம்: சபை காலியாச்சு, வீடுகள் தாங்கிச்சு

அதே டச்சுக்காரர்கள் 1658-ல் யாழ்ப்பாணத்தைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தார்கள். கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தார்கள். அரசாங்க உத்தியோகம் வேண்டும் என்றால் சீர்திருத்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும். பதிவேட்டில் கிறிஸ்தவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. 1795-ல் ஆங்கிலேயர் கைக்கு ஊர் போனதும் அந்தக் கட்டாயம் விலகியது. கொஞ்ச காலத்திலேயே அந்தச் சபை கிட்டத்தட்டக் கரைந்தே போனது.

மறுபக்கம், தடை செய்யப்பட்ட கத்தோலிக்கக் குடும்பங்கள் வீட்டுக்குள்ளேயே ஜெபம் சொல்லி நம்பிக்கையைக் காப்பாற்றின. 1687-ல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் என்ற குரு மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது, அந்த வீடுகள் அவருக்காகக் காத்திருந்தன. 1711-ல் கண்டியில் இறக்கும்வரை அவர் இலங்கை முழுக்க நடந்தார். 2015-ல் கொழும்பில் போப் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்.

இந்தக் கதையை ஜெபத்தின் வெற்றின்னு சொல்லலாம். பாதி உண்மை. அந்தக் குடும்பங்கள் முப்பது வருஷம் தனியா ஜெபிச்சாங்க, சரி. ஆனா தனியா இருக்கிறதே போதும்னு நினைச்சிருந்தா மாறுவேடத்துல வந்த ஒருத்தரை உயிரைப் பணயம் வெச்சு வீட்டுக்குள்ள சேர்த்திருப்பாங்களா? அவங்களுக்கும் ஒரு ஆள், ஒரு கூட்டம் தேவைப்பட்டுச்சு.

வேப்பேரி, தஞ்சாவூர்: பக்தி இருந்தும் கண் தெரியலை

இப்போ எதிர்ப்பக்கம். ஆழமான தனிப்பட்ட பக்தி இருந்தும் ஒருவர் தப்பான பக்கம் நிற்க முடியுமா?

தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார், 1774-லிருந்து 1864 வரை வாழ்ந்தவர். ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். தமிழ்க் கிறிஸ்தவர்கள் இன்றும் பாடுகிற பாடல்கள் அவருடையவை. அவருடைய பக்தியைச் சந்தேகப்பட யாராலும் முடியாது. ஆனால் 1820-களில் புதிதாக வந்த மிஷனரிகள், சாதிப்படி தனித்தனியாக உட்காருவதையும் திருவிருந்தில் பிரிந்து வாங்குவதையும் நிறுத்தச் சொன்னபோது, தஞ்சாவூர்க் கிறிஸ்தவர்களின் பழைய வழக்கத்தை ஆதரித்து எழுதியவரும் அவரே. வெள்ளைக்காரன் தன் நாட்டு அந்தஸ்து பேதத்தை வைத்துக்கொண்டு நம் வழக்கத்தில் மட்டும் ஏன் கை வைக்கிறான் என்ற அவருடைய கோபத்தில் ஒரு நியாயம் உண்டு. ஆனா அந்தப் பந்தியில் கடைசியில் நிறுத்தப்பட்டவருக்கு அந்த நியாயத்தால் என்ன லாபம்?

1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். இங்கே மேலிருந்து வந்த சபையின் உத்தரவு சரி. ஜெபம் பண்ணி, வேதம் வாசித்து, மனச்சமாதானத்தோடு இருந்தவர்கள் தவறு.

இதையும் முழு உண்மைன்னு எடுத்துக்காதீங்க. அதே சபைகள்தான் அதுக்கு முன்னாடி நூறு வருஷம் தனித்தனி பந்தியை அனுமதிச்சது. திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 1870-களில் கட்டிய கத்தோலிக்கக் கோயிலில், இரண்டு சாதிக் கூட்டமும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பூசை காண இரண்டு தனிப் பகுதிகள், நடுவில் சுவர். 1910-ல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்துத் தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் கிறிஸ்தவர்களுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டது 2016-ல். இவ்வளவு தாமதத்துக்கு நடுவுல கதவைத் தட்டிக்கிட்டே இருந்தது யார்? கடைசி வரிசையில் நின்றவர்கள். சபை சொன்னதையும் தாண்டி, இது தேவனுடைய சித்தம் இல்லைன்னு உள்ளுக்குள்ள தெரிஞ்சவங்க.

தாம்பரம், 1938

நம்ம கேள்வியை நேருக்கு நேரா கேட்டவர்கள் சென்னையில் இருந்தார்கள். 1938 டிசம்பரில், தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சர்வதேச மிஷனரி சங்கத்தின் உலக மாநாடு நடந்தது. பல நாடுகளிலிருந்து நூற்றுக்கணக்கான பிரதிநிதிகள். மாநாட்டுக்கு அடிப்படை நூலாக டச்சு இறையியலாளர் ஹென்ட்ரிக் கிரேமர் ஒரு தடித்த புத்தகம் எழுதியிருந்தார். அதற்குப் பதில் மாதிரி, அதே வருடம் சென்னையில் ஒரு தொகுப்பு வெளியானது: 'இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுசிந்தனை செய்தல்' என்ற பொருள்படும் ஆங்கில நூல். எழுதியவர்களில் முக்கியமான இருவர் பி. செஞ்சையா, வி. சக்கரைச் செட்டியார். இருவரும் வழக்கறிஞர்கள், உறவினர்களும்கூட. செஞ்சையா புதுக்கோட்டை சமஸ்தானத்தில் தலைமை நீதிபதியாக இருந்தவர்.

அவர்களுடைய வாதத்தைச் சுருக்கமா என் வார்த்தையில சொல்றேன். இயேசு ஒரு நிறுவனத்தைத் தொடங்க வரலை. கமிட்டி, கட்டடம், வெளிநாட்டுப் பணம், பதவி, இதெல்லாம் மேற்கின் வரலாற்றில் முளைத்தவை. இந்தியனுக்கு வேண்டியது கிறிஸ்துவோடு நேரடி அனுபவம். அது கிடைத்தவன் புது மனுஷன். அவனுக்கு வழிகாட்ட சபை இல்லாவிட்டாலும் ஆவியானவர் இருக்கிறார்.

இதுக்கு நேர் எதிர்ப் பக்கம் நின்றவர் பிஷப் வி.எஸ். அசரியா. திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர். 1912-லிருந்து தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பிஷப். அவருடைய சபையில் சேர்ந்த பெரும்பாலோர் மாலா, மாதிகா சாதிகளைச் சேர்ந்த கூலி ஜனங்கள். அவர் வாழ்நாளெல்லாம் உழைத்தது பிரிந்து கிடந்த சபைகளை ஒன்றாக்க. 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவாவதற்கு இரண்டு வருடம் முன்பே அவர் இறந்துபோனார்.

ரெண்டு பேரையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கும்போது எனக்கு ஒண்ணு தோணுது. செஞ்சையாவுக்குப் படிப்பு இருந்தது, பதவி இருந்தது, எழுதினா அச்சுல வரும். சபை இல்லாவிட்டாலும் அவருடைய குரல் கேட்கும். தோர்ணக்கல் கூலிக்காரருக்கு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பக்கத்துல உட்கார வெச்சு, பிள்ளைக்கு எழுத்து சொல்லிக்கொடுத்த இடம் சபை. சபை வேண்டாம்னு சொல்ற வசதி எல்லாருக்கும் இல்லை.

சக்கரைச் செட்டியாருடைய வாழ்க்கை இன்னும் சுவாரஸ்யம். சபை நிறுவனத்தை அவ்வளவு விமர்சித்தவர், சென்னைத் தொழிற்சங்க இயக்கத்தில் முன்னணித் தலைவராக இருந்தார், ஏ.ஐ.டி.யு.சி.யின் தலைவராகவும் ஆனார், சென்னை மேயராகவும் இருந்தார். நிறுவனமே வேண்டாம் என்ற மனிதர் இல்லை அவர். நியாயத்தை நிலைநாட்ட உறுப்பினர் அட்டையும் சந்தாவும் கூட்டமும் உள்ள ஓர் அமைப்பு வேண்டும் என்று தொழிற்சாலை விஷயத்தில் அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு உண்மையையும் சொல்லியாகணும். சபைக்கு வெளியே நின்று இயேசுவிடம் ஜெபிக்கிறவர்கள் நம்ம பக்கம் ஏராளம். சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் பணிபுரிந்த ஹெர்பர்ட் ஹோஃபர் இவர்களைப் பற்றி ஆய்வு செய்து 1991-ல் ஒரு நூலே வெளியிட்டார். ஞானஸ்நானம் வாங்காமல், வீட்டில் இருந்தபடியே இயேசுவை மட்டும் வணங்குகிறவர்கள். பலர் திருமணமான பெண்கள். இன்னும் பலருக்குச் சட்டம் ஒரு காரணம். 1950-ன் பட்டியல் சாதிகள் ஆணைப்படி கிறிஸ்தவராகப் பதிவானால் பட்டியல் சாதி உரிமை போய்விடும். சீக்கியர்களுக்கு 1956-லும் பௌத்தர்களுக்கு 1990-லும் கிடைத்த விலக்கு கிறிஸ்தவர்களுக்கு இல்லை. ஆக, ஒருத்தர் ஏன் சபையில சேரலைங்கிறதுக்குப் பதில் அவருடைய ஜெபத்துல மட்டும் இல்லை, பிள்ளையோட காலேஜ் அட்மிஷன்லயும் இருக்கு.

ஒரு கேட்பாளரின் கேள்வி

இந்த எபிசோடுக்குக் காரணமான கேள்வி இதுதான். அனுமதி வாங்கித்தான் சொல்றேன், அடையாளங்களை எடுத்துட்டேன். அவர் ஒரு யூனிட்ல மெயின்டெனன்ஸ். கிரேன் பரிசோதனைப் படிவம் மூணு மாசமா யாரும் நிரப்பலை. ஆடிட் வருது. பழைய தேதி போட்டு நிரப்பிக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. அவர் தன் போதகரைக் கேட்டார். மேலதிகாரத்துக்குக் கீழ்ப்படிங்க பிரதர், ஜெபம் பண்ணுங்க, கர்த்தர் பார்த்துக்குவார்னு பதில். ஜெபம் பண்ணினார், சமாதானம் வரலை. வீட்ல ஈ.எம்.ஐ. இருக்கு. எதைக் கேட்கிறது?

ரோமர் நிருபம் 13-ஆம் அதிகாரத்தைத்தான் அந்தப் போதகர் மனசுல வெச்சிருப்பார். ஆனா அடுத்த அதிகாரம், 14, இந்தக் கேள்விக்கு இன்னும் நெருக்கம். அங்கே பவுல் சாப்பாட்டையும் நாட்களையும் பற்றிப் பேசறார். ஒருத்தர் ஒரு நாளை விசேஷமா எண்ணுறார், இன்னொருத்தர் எல்லா நாளையும் ஒரே மாதிரி எண்ணுறார். அவரவர் தன் மனதில் நிச்சயப்படட்டும்ங்கிறதுதான் அங்க பவுல் சொல்ற கருத்து. ஆனா அதே மூச்சுல, உன் சுதந்தரம் உன் சகோதரனுக்கு இடறலாகக் கூடாதுன்னும் சொல்றார்.

இங்கிருந்து நான் ரெண்டு வகையாப் பிரிச்சுக்கிறேன். ஞாயிறு ஷிஃப்ட்டுக்குப் போகலாமா, நகை போடலாமா, எத்தனை நாள் உபவாசம், இதெல்லாம் விளைவு என் மேலேயே விழுகிற கேள்விகள். இதுல என் ஜெபமும் என் மனசும் போதும். சபை ஆலோசனை சொல்லலாம், அதட்ட வேண்டாம். ரெண்டாவது வகை, விலையை இன்னொருத்தர் கொடுக்கிற கேள்விகள். சாதிப் பந்தி, வரதட்சணை, பொய்ப் படிவம். இதுல எனக்குக் கிடைச்ச சமாதானத்துக்கு மதிப்பு குறைவு. ஏன்னா வலி என்னுடையது இல்லை. தஞ்சாவூர்ல சமாதானமாத்தான் இருந்தாங்க.

நாங்க கோட் எழுதறவங்க ஒரு வசனம் சொல்வோம்: "என் மெஷின்ல ஓடுதே." எழுதினவரே டெஸ்ட் பண்ணினா பெரும்பாலும் பாஸ் ஆயிடும். அவர் யோசிக்காத கேஸை டெஸ்ட்லயும் யோசிச்சிருக்க மாட்டார். அதனாலதான் ரிவியூ. ஆனா ரிவியூ பண்றவர் படிச்சுப் பார்க்காம ஓகே போட்டா அதுவும் வேஸ்ட். தனி ஜெபத்தின் பலவீனம் முதல் வகை, பழவேற்காட்டு போதகர்களின் பலவீனம் ரெண்டாவது வகை.

இப்போ கிரேனுக்கு வருவோம். தூக்கும் இயந்திரங்களைத் தகுதி பெற்ற ஒருவர் வருடத்துக்கு ஒரு முறையாவது முழுமையாகப் பரிசோதிக்கணும்ங்கிறது 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலிருந்தே வர்ற விதி. மாதாந்திரப் படிவம், வயர் ரோப், ஹூக், பிரேக் எல்லாம் அந்த விதியின் அன்றாட வடிவம். உருகின இரும்பு தூக்குற இடத்துல ரோப் தேஞ்சிருந்தா, கீழே நிற்கிறது ஆடிட்டர் இல்லை. தமிழ் தெரியாத அந்த ஒடிசாப் பையன். அவரைக் கேட்டு யாரும் ஜெபம் பண்ணலை.

அதனால நான் அவருக்கு எழுதினது இது. அண்ணா, போதகர் சொன்ன கீழ்ப்படிதல் இங்கே பொருந்தாது, பொய் சாட்சி சொல்லுன்னு எந்த அதிகாரமும் உத்தரவு போட முடியாதுங்கிறது உங்க பத்துக் கட்டளையிலேயே இருக்கு. உங்களுக்கு வராத சமாதானத்தை ஒரு தகவலா எடுத்துக்கோங்க, தீர்ப்பா இல்லை. அது சரியான்னு பார்க்க மூணு பேரைக் கேளுங்க: இந்த வேலை தெரிஞ்ச ஒருத்தர், உங்க சம்பளத்தோட சம்பந்தமில்லாத ஒருத்தர், அந்தக் கிரேனுக்குக் கீழே நிற்கிற ஒருத்தர். இன்னைக்கே பரிசோதனை பண்ணி இன்னைக்குத் தேதியைப் போடுங்க. விட்டுப்போன மாசங்களுக்கு நேரா, பரிசோதனை நடக்கலைன்னு எழுத முடியுமான்னு மேனேஜரிடம் கேளுங்க. தனியா கேட்காதீங்க, ரெண்டு மூணு பேரா போங்க. அதுக்கும் வழி இல்லைன்னா தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்னு ஒரு அரசு அலுவலகம் அதுக்குத்தான் இருக்கு.

வேலை போகாதுன்னு நான் அவருக்கு உறுதி சொல்லலை. சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஈ.எம்.ஐ. கட்டப்போறது நான் இல்லையே. இந்த இடத்துலதான் சபைக்கு ஒரு உண்மையான வேலை இருக்குன்னு நினைக்கிறேன். ஒருத்தர் மனசாட்சிப்படி நின்னு ரெண்டு மாசச் சம்பளத்தை இழந்தா, அந்த வீட்டு அரிசியையும் ஸ்கூல் ஃபீஸையும் பார்த்துக்கிற சபைக்கு, நீ உண்மையா இருன்னு பிரசங்கம் பண்ற தகுதி வருது. காணிக்கைப் பெட்டி அதுக்கும் ஆகட்டும். அப்படி ஒரு கூட்டம் பின்னாடி நிற்குதுன்னு தெரிஞ்சா, தனியா முழங்கால் போடும்போது வர்ற குரலைக் கேட்கிற தைரியமும் கூடும்.

உங்க சபையில, சங்கத்துல, இப்படி ஒருத்தரைத் தாங்கினது உண்டுன்னா எழுதுங்க. தாங்காம விட்டதும் உண்டுன்னா அதையும் எழுதுங்க, பெயர் போட மாட்டேன். அடுத்த எபிசோட்ல, 1857-ல் நாசரேத் பக்கத்துல மிஷனரிகளோடு முரண்பட்டுத் தனிச் சபையே தொடங்கின சட்டாம்பிள்ளை கதையைப் பேசலாம்.